ஆறு இல்லாத இடத்தில் ஓர் ஆற்றெல்லை

போன மாதம் பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. நான் முன்பு வேலை செய்த அலுவலகத்தில் இப்போது இருக்கும் இளம் நில அளவையாளர் நிரோஷன். நல்ல பிள்ளை. கெட்ட செய்தியை மிக மரியாதையாகச் சொல்லத் தெரிந்தவர்.

“சேர், அந்த ஆத்து எல்லைக்கு மேல ட்ரோன் ஒண்டு பறக்கவிட்டுப் பார்த்தோம். உங்கட பிளான்ல ஆறுதான் எல்லை எண்டு இருக்கு. ஆனா நீங்க கோடு போட்ட இடத்துல ஆறே இல்ல சேர். வெறும் மணலும் அடம்பன் கொடியும்தான். ஆறு தெற்கால வேற பக்கமாப் போகுது.”

“ஓம்,” என்றேன்.

“ரெண்டு எல்லைக்கல் நட்டதெண்டும் எழுதியிருக்கு. ரெண்டையும் காணல்ல. நாங்க தேடின விதத்துலதான் பிழை இருக்கும் போல, சேர்.”

கடைசி வாக்கியத்தை அவர் சொன்ன விதத்திலேயே, பிழை யாருடையது என்பதை அவர் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டது நன்றாகத் தெரிந்தது. நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்துச் சீமெந்து லொறி ஒன்று சந்தியில் திரும்பி என் விளக்கத்தின் மேலேயே ஏறிப் போனது. “ஒண்டும் கேட்கல்ல சேர். எழுதித் தாறீங்களா? எங்கட ஆண்டு மலருக்கும் போடலாம்,” என்றார். ஓய்வுபெற்றவனிடம் எழுதித் தரச் சொல்வது எவ்வளவு ஆபத்தான வேலை என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. இனி எல்லாரும் சேர்ந்து அனுபவியுங்கள்.

நான் முன்னேஸ்வரத்தில் நெல் விதைக்கிற குடும்பத்தில் பிறந்தவன். வரப்பில் ஓடி விளையாடிய பிள்ளை எல்லை அளக்கப் போனதில் வியப்பில்லை என்று என் பிரியாவிடை விருந்தில் ஒருவர் உருகிப் பேசினார். வரப்பில் ஓடினால் நான் விழுவேன் என்பது அவருக்குத் தெரியாது. இவன் வயலுக்கு உதவமாட்டான் என்று கண்டுகொண்ட பிறகுதான் அப்பா என்னைக் கணக்குப் படிக்க விட்டார். மலைநாட்டில் பயிற்சி. சங்கிலி இழுத்தோம், கருவியைத் தோளில் சுமந்தோம், அட்டைகளுக்கு இரத்தம் கொடுத்தோம். அதன்பின் முதன்முதலாகத் தனியாக ஒரு தென்னந்தோட்டத்தை அளந்து கணக்கை முடித்தபோது, என் பிளானின்படி தோட்டத்தின் மேற்கு மூலை கடலுக்குள் கிடந்தது. அந்தத் தோட்டத்து முதலாளி ஒருவர்தான் என்னைக் கெட்டிக்காரன் என்று சொன்னார்.

இப்படிப்பட்ட என்னை வைத்து வேலை வாங்கும் தண்டனை கடைசியில் ஹேரத் சேருக்குக் கிடைத்தது. அவர் எங்கள் அத்தியட்சகர். குருநாகல் பக்கத்துச் சிங்களவர். தமிழை அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. புத்தளம் சந்தையில் இறாலுக்கும் கத்தரிக்காய்க்கும் விலை பேசிப் பேசிப் படித்தார். ஆகவே அவர் பேசியது புத்தளத்து முஸ்லிம்களின் தமிழ். பௌர்ணமிப் போயா நாளில் வெள்ளை உடுத்திப் பௌத்தப் பன்சலைக்குப் போகிற மனிதர், அலுவலகத்தில் உட்கார்ந்து, “இன்ஷா அல்லாஹ் நாளைக்கு அளப்போம்” என்பார். உடப்புக் கோயில் ஐயர் ஒருவரைப் பார்த்து “என்ன வாப்பா, சுகமா?” என்று அவர் கேட்டதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். ஐயரும் சுகம் என்றுதான் சொன்னார்.

எல்லைத் தகராறு என்று வந்தால் சேருக்குச் சில பிடிவாதங்கள் இருந்தன. எவர் கொடுக்கும் கதிரையிலும் உட்காரமாட்டார். தன்னுடைய மடக்குக் கதிரையை ஜீப்பின் பின்னால் போட்டுக் கொண்டுவருவார். அதை இரண்டு தரப்புக்கும் சரி நடுவில் வைக்கவேண்டும். நடு எது என்பதை நான் நாடாவால் அளந்து காட்டவேண்டும். நாடாவின் ஒரு முனையை ஒரு தரப்பும் மறு முனையை மறு தரப்பும் பிடிக்கவேண்டும். “முதல்ல கதிரைய அளக்கணும் தம்பி. கதிரைக்கு ஒத்துக்கிட்டவன் பொறகு கல்லுக்கும் ஒத்துக்குவான்,” என்பார். அது முடிந்ததும் எல்லாரையும் செருப்பைக் கழற்றச் சொல்லி, தகராறான எல்லை முழுவதையும் நடத்திக்கொண்டு போவார். நடந்து முடியும்வரை கருவி பெட்டியைவிட்டு வெளியே வரக்கூடாது. நடக்கும்போது எல்லையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். வீட்டில் இன்றைக்கு என்ன கறி, மீன் எங்கே வாங்கியது, புளி போட்டதா தேங்காய்ப்பால் விட்டதா, இதுதான் விசாரணை. பசி வந்த பிறகு மனிதர்களுக்குப் பொய் சொல்ல அவ்வளவு பொறுமை இருப்பதில்லை என்பது அவருடைய கணக்கு. பசி முதலில் வருவது எனக்குத்தான்.

இனி அந்த ஆறு. அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் பெயர் வடகரைக்குச் சொந்தமா தென்கரைக்குச் சொந்தமா என்று புதிதாக ஒரு வழக்குத் தொடங்கும். நம் கரையோரத்துச் சின்ன ஆறுதான். அதற்கு வடக்கே ஒரு பிரதேச செயலகப் பிரிவு, தெற்கே இன்னொரு பிரிவு. இரண்டு கரையிலும் தமிழ் பேசும் கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பங்கள். இந்தக் கரையில் பெண் எடுப்பார்கள், அந்தக் கரையில் பெண் கொடுப்பார்கள், திருநாளுக்கு ஒரே கொடியைச் சேர்ந்து ஏற்றுவார்கள். ஆனால் எல்லை என்ற சொல் காதில் விழுந்தால் போதும், இரண்டும் இரண்டு நாடுகள். தனித்தனிக் கடவுச்சீட்டு அச்சடிக்காத குறைதான்.

பழைய வரைபடத்தில் ‘எல்லை: கடல்வரை ஆற்றின் நடு’ என்று ஒரே ஒரு வரி இருந்தது. ஆறு அந்த வரியைப் படிக்கவில்லை. அதன் பழைய வாய் மணல் மூடித் தூர்ந்துபோயிருந்தது. இப்போது ஆறு கடலுக்குப் பக்கத்தில் வந்து, கடலில் விழாமல் தெற்கே திரும்பி, கொஞ்சத் தூரம் கரையோடு ஓடி, அதன்பிறகே கடலில் விழுந்தது. பழைய வாய்க்கும் புதிய வாய்க்கும் நடுவே ஒரு நீளமான கடற்கரைத் துண்டு. முன்பு ஆற்றுக்குத் தெற்கே இருந்த அந்தத் துண்டு, இப்போது ஆற்றுக்கு வடக்கே இருந்தது.

அந்தத் துண்டுதான் பிலோமினாவின் பாடு. கரைவலையை வளைத்துக் கரைக்கு இழுக்க வலை முதலாளியான ஒரு சம்மாட்டிக்கு உரிமையான கடற்கரையைப் பாடு என்பார்கள். பிலோமினா தென்கரைச் சம்மாட்டி. புருஷன் இறந்தபிறகு வலையையும் வள்ளத்தையும் வலைக்காரரையும் தானே நின்று நடத்தியவர். வலைக்காரரை அவர் கூப்பிடும் சத்தத்துக்கு வலையில் இல்லாத மீனும் வரும் என்று தென்கரையில் சொன்னார்கள். போர் முடிந்து, கடற்படைப் பாஸும் கட்டுப்பாடும் போய், கரைவலைக்கு மறுபடி நல்ல காலம் வந்திருந்த நேரம் அது. பாடுகளுக்கான அனுமதியைப் பிரிவு பிரிவாகப் புதிதாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆற்றின் நடுதான் எல்லை என்று நாங்கள் எழுதினால், பிலோமினாவின் பாடு வடகரைப் பிரிவுக்குள் போய்விடும். அந்தப் பிரிவில் அவருக்கு அனுமதி கிடையாது. வடகரைச் சம்மாட்டி சவிரியான் அதற்கு ஏற்கெனவே விண்ணப்பம் போட்டிருந்தார். வலைக்காலம் தொடங்கச் சில வாரங்களே இருந்தன. பாடு இல்லாவிட்டால் பிலோமினாவின் வலைக்காரர் வேறு சம்மாட்டியிடம் போவார்கள். போனவர்கள் திரும்பி வருவதில்லை.

சவிரியான் வேறு யாருமில்லை, பிலோமினாவின் சம்பந்தி. பிலோமினாவின் ஒரே மகன் சவிரியானின் மகள் ரெஜினாவைத்தான் கட்டியிருந்தான். வழக்கில் வென்றால் சவிரியான் கைவைப்பது சொந்த மருமகனின் சோற்றில். ஏன் இந்த வேலை என்று நான் நாலு பேரிடம் விசாரித்துப் பார்த்தேன். பேரப்பிள்ளையின் ஞானஸ்நான விருந்தில் சவிரியானுக்குப் பாரை மீனின் தலையை வைக்காமல் வால்துண்டை வைத்துவிட்டார்களாம். நாடுகளுக்குள் சண்டை மூள்வதற்கு இதைவிடச் சின்னக் காரணங்கள் இருந்திருக்கின்றன என்று நினைக்கிறேன்.

ஜீப்பில் போகும்போது ஹேரத் சேர் எனக்குச் சட்டம் சொல்லித் தந்தார்.

“உலகத்துல ஆத்த எல்லையா வச்சிருக்கிற பெரிய பெரிய நாடெல்லாம் இப்படித்தான் தம்பி பார்க்குது. ஆறு மெல்ல மெல்ல, மணல் மணலா நகர்ந்தா எல்லையும் அதோட சேர்ந்து நகரும். ஆறு திடீரெண்டு ஒரே பாய்ச்சல்ல வேற வழி எடுத்தா எல்லை பழைய இடத்துலயே நிக்கும். தண்ணி போகும், கோடு போகாது. நமக்குத் தெரியவேண்டியது ஒண்டுதான். மெல்லப் போச்சா, பாய்ஞ்சு போச்சா?”

இவ்வளவுதானா என்று நினைத்தேன். ஆற்றங்கரையில் குடியிருக்கிறவர்களுக்கு இது தெரியாமலா போகும்?

முதலில் கதிரை. நாடாவின் வடக்கு முனையைச் சவிரியான் பிடித்தார், தெற்கு முனையைப் பிலோமினா பிடித்தார். நான் நடுவைக் கண்டுபிடித்துக் கதிரையை விரித்தேன். சேர் குடையோடு உட்கார்ந்ததும் ஈரமணலில் கதிரையின் ஒரு பக்கக் கால்கள் புதைந்தன.

“சேர், கதிரை தெற்கால சாயுது,” என்றார் சவிரியான்.

“கதிரைக்கே நியாயம் தெரியுது,” என்றார் பிலோமினா.

ஒரு பலகை தேடி எடுத்துக் கதிரைக்குக் கீழே வைக்கும்வரை விசாரணை ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்தது நடை. பழைய ஆற்றுவாய் இருந்த தடத்தைக் காட்டும் உற்சாகத்தில் நான் எல்லாருக்கும் முன்னால் போனேன். மேலே காய்ந்த மணல், கீழே என்ன என்று நான் யோசிக்கவில்லை. இரண்டடி வைத்தேன், முழங்கால்வரை இறங்கினேன். காலை இழுக்கப்போய் இடுப்புவரை இறங்கினேன். வடகரையார் ஓடிவந்து என் வலக்கையைப் பிடித்து வடக்கே இழுத்தார்கள், தென்கரையார் இடக்கையைப் பிடித்துத் தெற்கே இழுத்தார்கள். இரண்டு பக்கமும் நல்ல பலம். அதனால் நான் எந்தப் பக்கமும் போகவில்லை, இன்னும் கொஞ்சம் கீழேதான் போனேன்.

ஹேரத் சேர் கரையில் குடையைப் பிடித்தபடி என்னைக் கவனமாகப் பார்த்தார். “அசையாம அப்படியே நில்லுங்க தம்பி. சேறு ஆழமா இருக்கிற இடம்தான் பழைய ஆத்து நடு. நீங்க நிக்கிற இடத்தை அளந்து எடுத்துக்குவோம். பொறகு உங்கள எடுத்துக்குவோம்.”

அப்படியே செய்தார்கள். நிரோஷன், உங்கள் ட்ரோன் படத்தில் வெறும் மணல் மேல் போகிறதே ஒரு கோடு, அது நான் மூழ்கிய இடத்தின் வழியாகத்தான் போகிறது. அந்தப் பிளானில் என் கையொப்பத்தோடு சேர்த்து என் இடுப்பளவும் இருக்கிறது.

என்னைக் கழுவி, யாரோ கொடுத்த சாரத்தைக் கட்டவைத்து உட்காரவைத்த பிறகு வாக்குமூலம் தொடங்கியது.

“மெல்ல மெல்லத்தான் சேர் போச்சு,” என்றார் சவிரியான். “வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமா. நாங்க கவனிக்கவே இல்ல.”

“பொய் சேர். ஒரே நாள்ல பாய்ஞ்சது,” என்றார் பிலோமினா.

“எப்படிப் பாய்ஞ்சது புள்ள?”

பிலோமினா வாயைத் திறந்தார். தன் பின்னால் நின்ற வலைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் எல்லாரும் ஒன்றாகக் கடலைப் பார்த்தார்கள். பிலோமினா வாயை மூடிக்கொண்டார்.

“பாய்ஞ்சது சேர். அவ்வளவுதான்.”

“என்ன நாள்?”

“மழை நாள்.”

“என்ன மழை?”

“நல்ல மழை.”

மற்றவர்களும் அப்படித்தான். தென்கரையில் எல்லாருக்கும் அந்த மழை நாள் ஞாபகம் இருந்தது. அன்றைக்குத் தாங்கள் எங்கே நின்றோம் என்பது ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. வடகரையார் ஆறு வழி மாறியதைக் கண்ணால் காணவே இல்லையாம். ஆற்றங்கரையில்தான் வீடு, வாசலும் ஆற்றைப் பார்த்த வாசல், ஆனாலும் காணவில்லை. இடையிடையே இரண்டு கரையாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வை சண்டைக்காரரின் பார்வையாக எனக்குப் படவில்லை.

“ரெண்டு பக்கமும் ஒண்டையே மறைக்கிறாங்க தம்பி,” என்று சேர் என் காதில் சொன்னார். பிறகு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: “பாய்ஞ்சு போனதெண்டு ஒருத்தரும் ஒழுங்காச் சாட்சி சொல்லல்ல. அப்படியெண்டா நான் என்ன செய்ய? இப்ப ஆறு எங்க ஓடுதோ அங்கதான் எல்லைண்டு எழுதவேண்டி வரும்.”

பிலோமினா எழுந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். அவர் கத்துவார் என்று எல்லாரும் ஆயத்தமானோம். கத்தவில்லை. “எழுதுங்க சேர்,” என்றார். “வலை இழுக்கப் புதுக் கம்பாக் கயிறு வாங்கி வீட்டுக் கூரைக்குக் கீழ கட்டி வச்சிருக்கிறன். அதை யாருக்காவது குடுக்கலாம்.”

ரெஜினா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமிக்கும் அப்பாவுக்கும் நடுவே நின்றாள். யார் பக்கம் நின்றாலும் கதை வரும் என்பதால் அவளும் நடுவை அளந்துதான் நின்றிருக்கவேண்டும். அலைச்சத்தம் மட்டும் கேட்டது. இப்படிப்பட்ட அமைதியை என்னால் தாங்கமுடியாது. என் உத்தியோக வாழ்க்கையின் பாதிச் சிக்கல்கள் நான் அமைதியைத் தாங்கமாட்டாமல் விட்ட பகிடிகளால் வந்தவை.

“இல்ல சேர்,” என்றேன், “ஒரே நாள்ல பாயிறதுக்கு, இப்ப வாய் திறந்திருக்கிற அந்தத் தெற்கு மணல்மேடு லேசான மேடா? பெக்கோ மெசின் கொண்டுவந்து வெட்டினாலும் ரெண்டு நாள் எடுக்கும். இந்த ஊர் ஆக்கள் மண்வெட்டி பிடிச்சா மத்தியானத்துக்கு முந்தி முதுகு பிடிச்சிடும்!”

நான் மட்டும்தான் சிரித்தேன்.

“யாருக்கு முதுகு பிடிக்கும்?” என்று சவிரியான் மெதுவாகக் கேட்டார்.

“சும்மா பகிடிக்கு...”

“பெக்கோவாம் பெக்கோ! மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தி வெட்டி முடிச்சம், தெரியுமா சேர்?”

பின்னால் நின்ற ஒருவர் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். பிந்திப்போனது. பிலோமினா திரும்பிவிட்டார்.

“யார் வெட்டி முடிச்சது? நீங்களா? சம்மந்தி, உங்கட ஆக்கள் மண்வெட்டியை ஊண்டிக்கொண்டு நிண்டதுக்குப் பேரா வெட்டுறது? வெட்டினது என்ட வலைக்காரர்!”

“என்ன கதை கதைக்கிறீங்க சம்மந்தியம்மா? உங்கட ஆக்களுக்குக் கல்யாணச் சப்பாத்தைக் கழட்டவே பாதி நாள் போச்சு!”

“கோட்டைக்கூடக் கழட்டாம வெட்டினாங்க! கிழிஞ்ச கோட்டு இன்னும் அலுமாரிக்குள்ள கிடக்குது, கொண்டுவந்து காட்டவா?”

“அது வெட்டிக் கிழிஞ்ச கோட்டா? வயிறு முட்டத் திண்டு கிழிஞ்ச கோட்டு!”

இதற்குமேல் எந்தக் கரையையும் அடக்க முடியவில்லை. யார் முதல் வெட்டு வெட்டியது, யார் கடைசிவரை நின்றது, யார் தண்ணீர் பாயும்போது பயந்து மரத்தில் ஏறியது என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒருவர் என் அளவுகோலைப் பறித்து, தான் மண் வாரிய விதத்தை நடித்தே காட்டினார். அந்தக் கூச்சலில் இருந்து நான் பொறுக்கி எடுத்த கதை இதுதான்.

அது ரெஜினாவின் கல்யாண நாள். இரண்டு கரையும் வடகரையில் பெண்வீட்டுப் பந்தலில் கூடியிருந்தது. மேட்டுப்பக்கத்தில் பெருமழை, ஆற்றுவாயோ மணல் மூடிக் கிடந்தது. தண்ணீர் போக வழியில்லாமல் ஏறி ஏறிப் பந்தலுக்குள் வந்தது. சோற்றுக்கிடாரம் மிதக்கத் தொடங்கியது. வாயை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவது இந்தக் கரையோர வழக்கம். வழக்கமாக வெட்டும் இடம் பந்தலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அங்கே வெட்டினால் பாயும் தண்ணீர் கரையை அரித்துப் பந்தலையும் வீட்டையும் கொண்டுபோகும். அதனால் தள்ளித் தெற்கே வெட்டினார்கள். மாப்பிள்ளையும் வெட்டினானாம். அனுமதி கேட்கவில்லை, கேட்க நேரமும் இல்லை. கேட்காமல் வெட்டுவது குற்றம் என்பது கல்யாணப் பலகாரம் செமித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து இரண்டு ஊரும் சேர்ந்து வாயை மூடிக்கொண்டன. அந்த வாயைத்தான் நான் ஒரு பகிடியால் வெட்டிவிட்டிருந்தேன்.

“அப்பா,” என்றாள் ரெஜினா. அவள் சத்தம் போடவில்லை. ஆனாலும் எல்லாரும் நிறுத்தினார்கள். “எவ்வளவு வெட்டினீங்க எண்டு சொல்லுறீங்களே. அந்த இடத்துல வெட்டச் சொன்னது யார் எண்டும் சொல்லுங்க.”

சவிரியான் தன் கால்விரல்களைப் பார்த்தார்.

“மாமிதான் சொன்னது. ‘பிள்ளைட பந்தல் போகக்கூடாது, என்ட பாட்டைத் தாண்டி அங்கால வெட்டுங்க’ எண்டு. ஆறு வந்து தன்ட கரையைச் சுத்தும் எண்டு மாமிக்குத் தெரியாதா? உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்,” என்றார் சவிரியான். கொஞ்ச நேரம் மணலைக் காலால் கீறினார். “நானும் சொன்னன் சேர், வேணாம் சம்மந்தியம்மா, வலைக்காலத்துல கரைச்சல் வரும் எண்டு. ‘வலைக்காலம் வரேக்க பார்ப்பம், இப்ப பிள்ளை நனையுது’ எண்டு சொன்னா.” பிறகு தலையை நிமிர்த்தினார். “ஒரே நாள்லதான் சேர் பாய்ஞ்சது. எழுதுங்க.”

பிலோமினா இடுப்பில் செருகிய சேலைத் தலைப்பை எடுத்து மூக்கைத் துடைத்தார்.

“ஆனா,” என்றார் சவிரியான், “கூட வெட்டினது வடகரை. அதையும் எழுதுங்க.”

இவ்வளவும் நடக்கும்போது ஹேரத் சேர் கதிரையில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது குடையை மடித்தார். என் பக்கம் திரும்பினார். அவர் முகம் அப்போதுதான் பிறந்த குழந்தையின் முகம்போல் இருந்தது.

“தம்பி, இவங்க என்ன கதைக்கிறாங்க? எனக்குத் தமிழ் அவ்வளவு விளங்காதுதானே.”

புத்தளம் சந்தையில் இறால் விற்பவர்களையே அழவைத்த மனிதர் சொல்கிறார் இதை. நான் எழுந்து நின்று, சாரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நல்ல சிங்களத்தில் மொழிபெயர்த்தேன்: பெருமழை பெய்ததாம், ஆறு ஒரே நாளில் பாய்ந்து வழி மாறியதாம், இரு தரப்பும் ஒத்துக்கொள்கிறார்களாம்.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார் சேர்.

எல்லை பழைய இடத்திலேயே நின்றது. பிலோமினாவின் பாடு தென்கரைக்கே. இத்தோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் வாசித்துக் காட்டிய அறிக்கையில் கையெழுத்து வைக்கச் சவிரியான் மறுத்துவிட்டார். பாட்டை விட்டுக்கொடுப்பதில் அவருக்கு வருத்தமில்லை. கூட வெட்டியது வடகரை என்ற வரி இல்லாததுதான் குறை. அந்த வரி இருந்தால் தான் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றார் பிலோமினா.

“வெட்டினதா?” என்று கேட்டார் சேர். “யாரு எதை வெட்டினது வாப்பா?”

இரண்டு கரையும் மறுபடி கடலைப் பார்த்தது.

சேர் கொஞ்சம் யோசித்தார். “எல்லைக்கல்லு ரெண்டு நடணும். பழைய ஆத்துக்கு வடக்குக் கரையில ஒண்டு, தெற்குக் கரையில ஒண்டு. வடக்குக் குழியை வடக்கு ஆக்கள் வெட்டுங்க. தெற்குக் குழியைத் தெற்கு ஆக்கள் வெட்டுங்க. யாரு வெட்டுக்காரன்டு இன்ஷா அல்லாஹ் எல்லாரும் பார்த்துக்கிடலாம்.”

தமிழ் விளங்காதவரின் இந்தப் பேச்சை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ஆட்கள் மண்வெட்டிக்கு ஓடிவிட்டார்கள்.

கல்லின் தலை நிலத்துக்கு மேலே தெரியவேண்டும் என்பது விதி. அதற்கேற்ற ஆழத்தை நான் கோலில் குறித்துக் கொடுத்தேன். அந்தக் குறியை இரண்டு கரையும் வெற்றிலை போடும் நேரத்தில் தாண்டிவிட்டது. “போதும்!” என்று வடக்குக் குழியில் கத்தினேன். “அங்கால நிப்பாட்டினவங்களா?” என்று கேட்டார் சவிரியான். தெற்குக் குழிக்கு ஓடினேன். “அவங்க நிப்பாட்டட்டும் முதல்ல,” என்றார் பிலோமினா. இப்படி நான் சாரத்தோடு இரண்டு குழிக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஆட்களின் தோள் மறைந்தது, பிறகு தலை மறைந்தது. மணல் மட்டும் குழியிலிருந்து தானாகவே பறந்து வந்தது. சரிகிற மணலைத் தடுக்கத் தென்னங்குற்றிகள் உருட்டி வரப்பட்டன. தண்ணீர் ஊறியது, வாளிகள் வந்தன. வடகரைப் பெண்கள் தங்கள் ஆட்களுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்தார்கள். தென்கரைப் பெண்கள் தேத்தண்ணீரோடு பணிஸும் கொண்டுவந்தார்கள். நான் பணிஸ் பக்கம் கொஞ்சம் அதிகமாக மேற்பார்வை செய்தேன்.

வெயில் சாயும் நேரத்தில் இரண்டு பக்கமும் களைத்து, ஒரே நேரத்தில் நிறுத்துவதென்று இணக்கம் ஏற்பட்டது. கற்களை இறக்கினோம். இரண்டும் எங்கோ கீழே போய்த் ‘தொம்’ என்று நின்றன. மணலைத் தள்ளி மூடினோம்.

ஹேரத் சேர் வந்து குனிந்து பார்த்தார். “தம்பி, கல்லு மேல தெரியணுமே?”

“தெரியாது சேர்.”

“எங்க இருக்குண்டு நமக்குத் தெரியும்தானே?”

“அது தெரியும் சேர்.”

“அப்ப ஒரு மரக்கட்டைய மேல நட்டுட்டு வாங்க. போவோம். பசிக்குது.”

அந்த மரக்கட்டைகளைக் கடல்காற்றும் கறையானும் தின்றிருக்கும். நீங்கள் காணாதது அதனால்தான்.

வலைக்காலத்தின் முதல் நாள் எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். பங்குத் தந்தை வலைக்குத் தீர்த்தம் தெளித்தார். பிலோமினா போட்ட சத்தத்தில் தீர்த்தச் செம்பு கையில் ஆடியது. இரண்டு கரை ஆட்களும் கயிறு பிடித்தார்கள். நானும் பிடித்தேன், விழுந்தேன், கயிறு என்மேலே போனது. வலையின் மடி கரையேறியபோது உள்ளே ஒரு பெரிய பாரை இருந்தது. மத்தியானம் அதைச் சமைத்து, தலையைத் தனிக் கோப்பையில் வைத்து, பிலோமினா தன் கையாலேயே சவிரியானுக்கு முன்னால் வைத்தார்.

சவிரியான் பிரித்து ஒரு வாய் தின்றார். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“உப்புக் காணாது,” என்றார். பிறகு கோப்பையை வழித்துத் தின்றார்.

ஆகவே நிரோஷன், பிளானில் பிழை இல்லை. ஆறு ஒரு கல்யாணத்துக்காக வழி விலகியது, எல்லை விலகவில்லை. திருத்துகிறேன் என்று கோட்டைக் கொண்டுபோய் இப்போதைய ஆற்றின் நடுவில் போட்டுவிடாதீர்கள். பிலோமினா இப்போதும் அந்தக் கரையில்தான் வலை வளைக்கிறார், அந்தச் சத்தம் உங்கள் ட்ரோனுக்கும் கேட்கும். கற்களுக்கு மண்வெட்டியோடு போங்கள். இடுப்பளவு தோண்டியதும் கிழவன் பொய் சொல்லிவிட்டான் என்று நினைப்பீர்கள். தோண்டுங்கள். கழுத்தளவில் என்னைத் திட்டுவீர்கள். அப்போதும் தோண்டுங்கள்.

இரண்டு கற்களில் எது அதிக ஆழத்தில் கிடக்கிறது என்பது எனக்குத் தெரியும். மூடுவதற்கு முன் நான் கோல் விட்டு அளந்தேன். சவிரியானும் பிலோமினாவும் தனித்தனியாக என் வீடு தேடி வந்து கேட்டுப் பார்த்துவிட்டார்கள். எனக்குத் தமிழ் அவ்வளவு விளங்காது என்று இருவரிடமும் சொல்லி அனுப்பிவிட்டேன்.